மலிவுத் துப்பாக்கியை நம்பலாமா?

ரயில்வேயில் பெட்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவனுக்குத் துப்பாக்கியோடு என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. ஒரு வீட்டில் பிள்ளை ராணுவத்திலோ மத்திய ரிசர்வ் போலீசிலோ இருக்கிறான். இன்னொரு வீட்டில் பெண் குழந்தை என்.சி.சி.யில் சேர்ந்து, ஏர் ரைபிள் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடிக்கிறாள். மற்றொரு வீட்டில் அமெரிக்காவில் வேலை பார்க்கும் மருமகன், அங்கே துப்பாக்கியின் மேல்பாகத்தைத் தனியாகக் குறைந்த விலைக்கு வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்று கதை சொல்கிறார். எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: விலை குறைந்தது குறி தவறாமல் சுடுமா? நடுவில் மக்கர் செய்யாதா?

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். இரும்பும் அளவும் சோதனையும்தான் என் பிழைப்பாக இருந்தன. அந்த அறிவைக் கொண்டு, எனக்குத் தெரிந்த மட்டில் இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறேன்.

மேல்பாகம் எது?

அமெரிக்காவில் பரவலாக விற்கும் ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கி இரண்டு பாதிகளாகக் கழலும். விசையும் பிடியும் உள்ள கீழ்ப்பாதியில்தான் பதிவு எண் இருக்கும். அந்நாட்டு மத்தியச் சட்டப்படி அதுவே துப்பாக்கி. குழலும், தோட்டா அமரும் அறையும், அதை அடைக்கும் போல்ட்டும் மேல்பாதியில் இருக்கின்றன. உண்மையான வேலை முழுவதும் நடப்பது இந்த மேல்பாதியில்தான். நம் நாட்டில் அப்படிப் பிரித்து விற்க வழியில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும்.

குறி வேறு, நம்பகம் வேறு

இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒரே இடத்தைப் பார்த்துப் பத்துத் தோட்டா சுட்டால் துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது குறி. பத்தாயிரம் தோட்டா சுட்டாலும், மழையிலும் மணலிலும் பனியிலும், ஒவ்வொரு முறையும் தோட்டா உள்ளே போய், வெடித்து, வெற்றுக்கூடு வெளியே விழுகிறதா என்பது நம்பகம்.

குறியை 'மினிட்' என்ற கோண அளவால் அளப்பார்கள். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு அது. 100 மீட்டர் தூரத்தில் ஒரு மினிட் என்பது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். நான்கு மினிட் துப்பாக்கி என்றால் 300 மீட்டரில் துளைகள் சுமார் 35 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும். போர்வீரனுக்கு அது போதும். ஆனால் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். அங்கே அந்தக் கணக்கு செல்லாது. ஆகவே எந்த வேலைக்கு என்று கேட்காமல் 'நல்ல துப்பாக்கியா' என்று கேட்பதில் பொருளில்லை.

எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்?

விலையைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் யாரும் கைவைப்பதில்லை. வெளிப்பூச்சு பளபளவென்றுதான் இருக்கும். மிச்சம் பிடிப்பது உள்ளே.

முதலாவது குழல். உருக்குக் கம்பியைத் துளைத்து, உள்ளே திருகுவரி போட்ட பிறகு, உலோகத்துக்குள் தங்கியிருக்கும் இறுக்கத்தைச் சூடேற்றி நீக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாத குழல் முதல் ஐந்து தோட்டாவுக்கு ஒழுங்காகச் சுடும். சூடேறியதும் மெல்ல வளைந்து, குறி ஒரு பக்கமாக நகரும். கடைக்காரர் காட்டும் முதல் அட்டையில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

இரண்டாவது போல்ட்டுக்கும் தோட்டா அறைக்கும் உள்ள இடைவெளி. அது கூடினால் தோட்டாக்கூடு கிழியும்; குறைந்தால் போல்ட் பூட்டாது. இதைச் சோதிக்க இரண்டு கேஜ்கள் உண்டு. ஒன்றை வைத்தால் போல்ட் மூட வேண்டும். மற்றதை வைத்தால் மூடக்கூடாது. ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. சக்கரத்தின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்பதை நாங்களும் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை, கேஜ் வைத்துத்தான் சொல்வோம்.

மூன்றாவது போல்ட்டின் உலோகம். ராணுவத் தரத்தில், ஒவ்வொரு போல்ட்டையும் அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்த்து, பிறகு காந்தத்தூள் சோதனையால் மயிரிழை விரிசல் தேடுவார்கள். மலிவுச் சரக்கில் நூற்றில் சிலவற்றை மட்டும் சோதித்துவிட்டு மற்றவற்றை அனுப்பிவிடுவதுண்டு. ரயில்பெட்டி ஆக்சிலுக்கு அல்ட்ராசானிக் சோதனை செய்யும்போது நாங்கள் பத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்ற ஒன்பதை வண்டியில் பூட்டியதில்லை.

நான்காவது சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள். ஏ.ஆர்.-15இல் காஸ் வரும் குழாய்முனையை இரண்டு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். அவை தளராதபடி சுற்றியுள்ள உலோகத்தை அடித்து நசுக்கிவிட வேண்டும். இதில் சோம்பல்பட்டால் ஸ்க்ரூ தளரும், காஸ் கசியும், துப்பாக்கி நின்றுவிடும். ஆக்சில் முனை போல்ட்டுகளுக்கு லாக்கிங் பிளேட் போட்டு அதன் காதை மடக்கிவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பணியில் இருந்தபோது ஒருமுறை குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்த ஒரு கம்பெனியிலிருந்து போல்ட் சரக்கு வந்தது. பெட்டியைத் திறந்தால் எல்லாம் புத்தம் புதிது. மரைக் கேஜ் வைத்துப் பார்த்தால் கணிசமானவை தேறவில்லை. திருப்பி அனுப்பினோம். அடுத்த முறை அதே கம்பெனி அதே விலைக்கு அனுப்பிய சரக்கு ஒழுங்காக இருந்தது. விலை மாறவில்லை; கேஜ் வைத்துப் பார்ப்பார்கள் என்ற பயம்தான் புதிதாக வந்தது.

சரித்திரம் சொல்வது

வியட்நாம் போரில் 1965 முதல் அமெரிக்க வீரர்களுக்கு எம்-16 துப்பாக்கி பெருமளவில் தரப்பட்டது. குறியில் நல்ல துப்பாக்கி. ஆனால் தோட்டா அறைக்குக் குரோம் பூச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். தோட்டாவின் மருந்தையும் மாற்றினார்கள். சுத்தம் செய்யும் கருவிகளையும் போதுமான அளவில் கொடுக்கவில்லை. ஈரமான காட்டில் அறை துருப்பிடித்து, வெற்றுக்கூடு உள்ளேயே சிக்கியது. சண்டை நடுவே துப்பாக்கியைப் பிரித்து வைத்த நிலையில் வீரர்கள் இறந்து கிடந்தார்கள். 1967இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. அதன்பின் குரோம் பூச்சும் சுத்தம் செய்யும் பெட்டியும் வந்தன. அதே துப்பாக்கியின் வழிவந்தவை பல ஆண்டுகள் நன்றாக உழைத்தன.

ரஷ்யாவின் ஏ.கே.-47 கதை வேறு மாதிரி. ஆரம்பத்தில் அதன் உடற்கூட்டைத் தகட்டை அழுத்தி மலிவாகச் செய்ய முயன்றார்கள். கழிவு அதிகமானதால், முழு இரும்பைக் கடைந்து செய்யும் செலவான முறைக்குப் போனார்கள். தகட்டு வேலையில் கை தேர்ந்த பிறகு, 1959இல் ஏ.கே.எம். என்ற பெயரில் மறுபடி தகட்டுக்கே வந்தார்கள். எடை குறைந்தது, செலவும் குறைந்தது, நம்பகம் குறையவில்லை. மலிவு என்பதே குற்றமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நம் நாட்டு அனுபவம்

புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த இன்சாஸ் துப்பாக்கி இஷாப்பூரிலும், கான்பூரிலும், நம் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையிலும் தயாரானது. 1999 கார்கில் போரில் பனிமலையில் அது சோதனைக்கு உள்ளானது. வந்த புகார்களில் முக்கியமானவை, குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, தோட்டா சிக்கியது என்பவை. குழலும் குறியும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. முழுத் துப்பாக்கியில் மிகச் சாதாரணமான பாகம்தான் வீரனைக் காலை வாரியது. பிறகு திருத்தங்கள் செய்தார்கள். ஆனாலும் ஒருமுறை போன பெயர் எளிதில் திரும்புவதில்லை. 2019இல் அமெரிக்காவிலிருந்து 72,400 சிக்-716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2021இல், உத்தரப்பிரதேசத்தில் அமேதி அருகே ரஷ்யக் கூட்டுடன் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 துப்பாக்கிகள் தயாரிக்க ஒப்பந்தமானது.

1966இல் தொடங்கிய திருச்சித் தொழிற்சாலையில் ஏ.கே. வகையைச் சார்ந்த 'திருச்சி அசால்ட் ரைபிள்' தயாராகிறது. நம்மவர் கைத்திறனில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தொழிலாளி எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும், லடாக் குளிரிலும் ராஜஸ்தான் மணலிலும் முன்கூட்டியே சோதிக்காவிட்டால், அந்தச் சோதனையை எல்லையில் நிற்கும் நம் பிள்ளை செய்ய வேண்டி வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரைபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

உங்கள் பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். எடுத்த எடுப்பில் லட்சங்களைக் கொட்டவும் வேண்டாம். முதல் ஓராண்டு பயிற்சி மையத்தின் துப்பாக்கியே போதும். நிற்கும் நிலையும் மூச்சும் படியும் வரை, குறி தவறுவதற்குக் காரணம் கைதான், குழல் அல்ல. பிறகு வாங்கும்போது, அதே துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துச் சுட்ட பரிசோதனை அட்டையைக் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் துப்பாக்கியோடு அதைக் கொடுப்பார்கள். உதிரிப்பாகம் ஹைதராபாத்திலோ சென்னையிலோ கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். விலையுயர்ந்ததும் கைவிடும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதாகி நேரம் போனது. மிகச் சிறிய வித்தியாசத்தில் இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம் பெற்றார்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நம் பகுதி மலையோரக் கிராமங்களில் காட்டுப்பன்றிக்காக நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பிடிபட்டதாகச் செய்தித்தாளில் படிக்கிறோம். மலிவிலும் மலிவு அது. தண்ணீர்க் குழாயும் கரிமருந்தும் சேர்ந்த அந்தப் பொருளுக்குக் கேஜும் இல்லை, சோதனையும் இல்லை. வெடித்தால் முதலில் போவது சுடுபவன் கையும் கண்ணும். உரிமமின்றி துப்பாக்கி தயாரித்தாலோ விற்றாலோ, 2019 திருத்தத்தின்படி குறைந்தது 7 ஆண்டு சிறை. நிலத்தில் வேலைக்கு வருபவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். நம் பிள்ளைகள் வல்லவர்களாக வரட்டும். அவர்கள் கையில் கொடுப்பது எதுவானாலும், விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கும் பழக்கம் பெரியவர்களாகிய நமக்கு வரட்டும்.