உறங்கும் வைரசும் அதன் ஆணை எழுத்துக்களும்

எச்.ஐ.வி. என்னும் வைரசை மருந்தினால் அடக்க முடியுமாயின், அதனை அடியோடு அழித்தல் ஏன் இயலவில்லை என மேல்வகுப்பு மாணவனொருவன் எம்மை வினவினான். தமிழ் கற்பிக்கும் எம்மிடம் இவ்வினாவை விடுத்த காரணம் அறியோம். விஞ்ஞான ஆசிரியர் அன்று விடுமுறை போலும். ஆயினும் நூல்களைத் துருவியவிடத்து, விடை எமது துறைக்கு முற்றும் அயலன்று எனக் கண்டோம்.

1983ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்துப் பாஸ்ரர் நிலையத்திற் கண்டறியப்பட்ட இவ்வைரசு, தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவிற் கொண்டுவருவது. மனிதக் கலத்துட் புகுந்ததும் அதனை டி.என்.ஏ. ஆகப் பெயர்த்தெழுதி, நமது நிறமூர்த்தத்துள்ளே செருகிவிடும். அப்போது செய்தியின் இரு முனையிலும் ஏறத்தாழ 630 எழுத்துக்கொண்ட ஒரே தொடர் அமைகின்றது. முதலில் நிற்பதே ஈற்றிலும் நிற்றலால், மண்டலித்து முடியும் அந்தாதியை இஃது எமக்கு நினைவூட்டிற்று. எழுத்து ஒன்றேயாயினும் இடத்தாற் தொழில் வேறுபடும்: முதற்றொடர் படியெடுப்பைத் தொடங்குமாறு ஏவும், ஈற்றுத்தொடர் நிறுத்துமாறு ஏவும்.

முதற்றொடரிலே நமது கலத்தின் புரதங்கள் வந்து பற்றுதற்குரிய இடங்கள் உள. எஸ்.பீ.1 என்பதற்கு மூன்று, என்.எவ்.கப்பா-பீ என்பதற்குப் பெரும்பாலும் இரண்டு. பின்னையது, நோய்க்கிருமியை எதிர்க்குமாறு வெண்குருதிக்கலத்தை எழுப்பும் புரதம். ஆகவே நோயை எதிர்க்கக் கலம் எழும் வேளையிலேயே வைரசும் எழும்!

எழுந்தபின்னும் படியெடுப்புச் சிறிது தூரஞ் சென்று தடைப்படும். வெளிப்பட்ட முதல் 59 எழுத்துக்கள் கொண்டையூசிபோல் மடிந்து நிற்கும். வைரசின் 'ரற்' என்னும் புரதம் அம்மடிப்பைப் பற்றி, கலத்தின் நொதியமொன்றை அழைத்துவந்து தடையை நீக்கும். தடை நீங்கப் படிகள் பெருகும். படிகள் பெருக 'ரற்' பெருகும். முதன்முதற் தோன்றும் 'ரற்', தடையைத் தப்பிய ஓரிரு படிகளாற் பிறப்பது.

கலம் ஓய்ந்திருப்பின் இவை யாவும் நிகழா. கப்பா-பீ கருவினுட் புகாது, 'ரற்' பிறவாது, வைரசு வெறும் எழுத்தாய்க் கிடக்கும். இன்றைய மருந்துகளுட் பெரும்பாலன வைரசின் நொதியங்களைத் தடுப்பன. எழுத்தாய்க் கிடப்பதை அவை தீண்டா. மருந்தை நிறுத்தினாற் பெரும்பாலோரிடத்துச் சில வாரங்களிலே வைரசு மீளும். 2013ஆம் ஆண்டிற் குணமடைந்ததாக அறிவிக்கப்பட்ட மிசிசிப்பி மாநிலக் குழந்தையிடத்தும், மருந்தின்றி இரண்டாண்டுக்கு மேற் கழிந்தபின், 2014இல் அது மீண்டது. அதனை வாசித்தபோது எம் உள்ளம் கலங்கியது.

ஆராய்ச்சியாளர் இரு வழிகளை நாடுகின்றனர். உறங்குவதை எழுப்பி அழித்தல் ஒன்று. 'ரற்' புரதத்தைத் தடுத்து ஒருபோதும் எழாவண்ணம் பூட்டிவைத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

மாணவனுக்கு இவ்வளவே கூறினோம். "எழுப்பினால் எல்லாம் ஒருங்கே எழுமா, ஐயா?" என மீண்டும் வினவினான். எழுவதில்லை, இதுவரை முயன்ற மருந்துகள் ஒரு பகுதியையே எழுப்பின.