பழைய பக்கத்தை எங்கே வைப்பது?

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டி.ஆர்.ஐ.). 1925இல் தொடங்கியது. எந்தத் தேயிலைக்கு எவ்வளவு உரம், கவ்வாத்து எப்போது, களைக்கு என்ன மருந்து என்பதையெல்லாம் எண்ணிட்ட ஆலோசனைச் சுற்றறிக்கைகளாக வெளியிட்டுவருகிறது. எண்ணையும் தேதியையும் பார்க்காமல் தாளை மட்டும் படித்தால் வம்புதான். கிளைபொசேட் களைகொல்லிக்கு 2015இல் இலங்கையில் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை விலகியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு நிறுத்தியது. நவம்பரில் மீண்டும் அனுமதித்தது. 2014இல் சரியாக இருந்த ஒரு கிளைபொசேட் குறிப்பு 2016இல் சட்டத்துக்கு விரோதம், 2018இல் மறுபடி தேவை. இடையில் அதைக் கிழித்துப் போட்டிருந்தால் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

தேதி மட்டும் இருந்தால் போதுமா? போதாது. ஒரு மலையில் வெள்ளைக்காரர் காலத்து விதைத் தேயிலை நிற்கும்; பக்கத்து மலையில் டி.ஆர்.ஐ. 2025 என்ற வி.பி. தேயிலை, அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்தது. (2025 ஆண்டல்ல, இனத்தின் எண்.) இரண்டுக்கும் உரச் சிபாரிசு ஒன்றல்ல. புதிய இனம் வந்துவிட்டது என்பதற்காக விதைத் தேயிலைக்கான குறிப்பை எறிய முடியாது; செடி இன்னும் மண்ணில் நிற்கிறதே! குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்பதைவிட, வாசிப்பவர் கையில் இருப்பது எது என்பதே முதல் கேள்வி.

திறந்த மூல மென்பொருள்களின் ஆவணங்களை அடுக்குகிறவர்களுக்கும் இதே கேள்விதான். இலங்கையிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கொழும்பில் வேரூன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் உருவாக்கிய பாலரினா என்ற நிரல்மொழி 2017இல் அறிமுகமானது. 2020இல் 1.2 பதிப்பு வந்தது. 2022 பெப்ரவரியில் வந்த ‘சுவான் லேக்’ பதிப்பில் மொழியே கணிசமாக மாறியது; எண் முறையும் மாறி 2201 ஆனது. 22 ஆண்டைக் குறிக்கிறது, 01 மாதத்தை.

மாற்றத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1.2இல் ஒரு இணையச் சேவையை எழுதும்போது அதன் பெயரை வெறுமனே எழுதினால் போதும். சுவான் லேக்கில் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு செயற்கூறும் கெட், போஸ்ட் என்று எந்த வகைக் கோரிக்கைக்குப் பதில் சொல்கிறது என்பதையும் அறிவிக்க வேண்டும். ஹட்டனில் கைபேசியில் தேடிப் படிக்கும் ஒரு மாணவி 1.2 பக்கத்தில் விழுந்து, அங்குள்ள நிரலைப் புதிய பதிப்பில் ஓட்டினால் பிழைச்செய்திதான் வரும். தனக்கு மண்டையில் ஏறவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். குற்றம் அவளுடையதல்ல, பக்கம் தன் பதிப்பைச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பாலரினா தளம் 1.2க்கான பக்கங்களை, முகவரியிலேயே அந்த எண் தெரியும்படி, தனியே வைத்தது. பைத்தான் நிரல்மொழி இன்னும் நெடுக நினைவு வைத்திருக்கிறது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது, ஆனால் 2.7இன் ஆவணங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இணையச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோவின் தளத்தில் ஆதரவு முடிந்த பதிப்பின் பக்கத்தைத் திறந்தால், இது பாதுகாப்பற்ற பதிப்பு என்ற எச்சரிக்கை கண்ணில் படும். ‘ஸ்டேபிள்’ என்று முடியும் முகவரியோ எப்போதும் நடப்புப் பதிப்புக்கே கொண்டுபோகும்.

இத்தகைய தளங்களுக்கு உள்ளே நடக்கும் வேலை அப்படியொன்றும் மாயமில்லை. ஆவணத்தை நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் வைக்கிறார்கள். புதிய பதிப்புக்கென நிரலில் ஒரு கிளை பிரியும்போது ஆவணமும் கூடவே பிரிகிறது. ஒவ்வொரு கிளையிலிருந்தும் தளத்தில் ஒரு தனி அடைவு உருவாகிறது. 2010இல் தொடங்கிய ‘ரீட் த டாக்ஸ்’ சேவை இதைத் தானாகவே செய்துகொடுக்கிறது. தேடுபொறி பழைய பக்கத்தை முன்னே தள்ளாமலிருக்க, நடப்புப் பக்கமே முதன்மை என்று ஒரு குறி பக்கத்துக்குள் எழுதப்படுகிறது. பதிப்பை மாற்றும் பட்டியலைத் தொட்டால் அதே தலைப்பின் பக்கம் வர வேண்டும். முகப்புக்குத் தூக்கியெறிவது வாசகரை அவமதிப்பது.

மூன்று மொழி நாட்டில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஆங்கிலப் பக்கம் புதிதாகிவிடும். தமிழ் பழையதாகவே நிற்கும். இதற்கு கெட்டெக்ஸ்ட் என்ற கருவியில் ஒரு நல்ல வழி இருக்கிறது. மூல வாக்கியமும் மொழிபெயர்ப்பும் சோடியாகவே சேமிக்கப்படும். மூலத்தில் ஒரு சொல் மாறினாலும் கருவி அந்தச் சோடியில் ‘சந்தேகம்’ என்று குறி போட்டுவிடும். பக்கத்தை மறுபடி உருவாக்கும்போது, யாராவது சரிபார்த்து அந்தக் குறியை நீக்கும்வரை அந்த வரி மட்டும் ஆங்கிலத்தில் தெரியும், மற்ற வரிகள் தமிழிலேயே இருக்கும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கில வரி வருவது கண்ணுக்கு உறுத்தல்தான். ஆனால் மருந்தின் அளவு மாறிய பிறகும் பழைய அளவையே நல்ல தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும் பக்கத்தைவிட, இதை நம்பி வேலையில் இறங்கலாம்.