உணவுக்குழாயில் பை: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

இஷா தொழுகையில் ஸஜ்தாவுக்குப் போனால், மதியம் சாப்பிட்ட சோறு அப்படியே தொண்டைக்கு வருகிறது. புளிப்போ கசப்போ இல்லை; வயிற்றுக்கே போகாதது போல இருக்கிறது. புளியறைப் பக்கம் ஒரு பெரியவர் இதை வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, கேஸ் மாத்திரையிலேயே பல மாதங்களை ஓட்டினார். உடல் மெலிந்த பிறகுதான் பிள்ளைகள் தென்காசிக்கு அழைத்துப் போனார்கள். "உணவுக்குழாயில் பை உள்ளது, காரணம் தெரியவில்லை" என்றது ரிப்போர்ட். வாப்பாவுக்குப் புற்றுநோய் என்று நினைத்து வீடே கலங்கிவிட்டது. இப்படியொரு ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்று பார்ப்போம்.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அதன் சுவர் ஓரிடத்தில் வெளிப்பக்கமாகப் பிதுங்கிப் பை போல ஆவதை மருத்துவர்கள் 'டைவர்டிகுலம்' என்கிறார்கள். இது புற்றுநோய்க் கட்டி அல்ல. பை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைத் தேடும் வழியைக் காட்டும்.

தொண்டையை ஒட்டி வருவது பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும். விழுங்கும்போது திறக்க வேண்டிய தசை சரியாகத் திறக்காததால், அழுத்தம் தாங்காமல் அதற்கு மேலுள்ள பலவீனமான இடம் பிதுங்குகிறது. 1764-இல் இங்கிலாந்தின் ஆபிரகாம் லட்லோ இதை முதலில் விவரித்தார். 1877-இல் விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஸெங்கரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

நெஞ்சின் நடுப்பகுதியில் இருந்தால், பழைய காசநோயால் வீங்கிய நிணநீர்க் கட்டிகள் ஆறித் தழும்பாகிச் சுவரை இழுத்திருக்கலாம். எனவே முன்பு காசநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இரைப்பைக்குச் சற்று மேலே இருந்தால், உணவைக் கீழே தள்ளும் தசை இயக்கத்தில் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பை தெரிந்துவிட்டால் எல்லாத் தொல்லைக்கும் அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிறிய பை எந்தத் தொல்லையும் தராமல் இருக்கலாம். நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் அமிலம் மேலேறுவதாலோ, இரைப்பைப் புண்ணாலோ வந்திருக்கலாம். செரிக்காத உணவு மணிக்கணக்கில் கழித்துத் திரும்பி வருவது, வாய் நாற்றம், படுத்தால் இருமல், விழுங்கும்போது கழுத்தில் களகளவென்ற சத்தம் ஆகியவை தொண்டைப் பையின் அடையாளங்கள். ஆகவே, "பை எதனால் வந்தது?", "என் தொல்லை இந்தப் பையால்தானா?" என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பேரியம் திரவத்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே பையின் இடத்தையும் அளவையும் காட்டும். தசையின் அழுத்தத்தை அளக்க மானோமெட்ரி உண்டு. எண்டோஸ்கோபி செய்யும்போது, பை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழாய் தவறிப் பைக்குள் நுழைந்தால் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. திருநெல்வேலிக்குப் போனாலும், மலை தாண்டிக் கேரளாவுக்குப் போனாலும் பழைய படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள்.

தொல்லை தராத சிறிய பையை அப்படியே விட்டுக் கவனித்தால் போதும். தொல்லை தரும் பை மாத்திரையால் சுருங்காது. தொண்டைப் பையாக இருந்தால், இறுகிய தசையை வாய் வழியாகவே எண்டோஸ்கோபி மூலம் வெட்டிவிடும் சிகிச்சையும், அறுவை சிகிச்சையும் உள்ளன. அதுவரை மென்று மெதுவாகச் சாப்பிடுவதும், சாப்பிட்டவுடன் படுக்காமலிருப்பதும் நல்லது. நோன்பு திறக்கும் அவசரத்திலும் அள்ளி விழுங்கக் கூடாது.

விழுங்குவது நாளுக்கு நாள் கடினமாவது, எடை குறைவது, இரத்த வாந்தி, கருப்பு மலம், அடிக்கடி நெஞ்சுச் சளியுடன் காய்ச்சல் ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். புற்றுநோய் இல்லை என்பதைப் பரிசோதித்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். நாமாக முடிவு செய்யக் கூடாது.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதையெல்லாம் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால், "ஏன் வாப்பா, இறங்க மாட்டேங்குதா?" என்று நாம்தான் கேட்க வேண்டும்.