காத்து எங்கே போகுது? ஏடிவி டயரில் மெதுவான லீக்

சாயங்காலம் 7 பிஎஸ்ஐ வச்சுட்டுப் போறீங்க. காலையில வந்து பார்த்தா 5. யாராவது ஒருத்தர் கம்ப்ரஸரை ஆன் பண்ணி மறுபடியும் 7 ஆக்கிடுவார். பிரச்சினை முடிஞ்ச மாதிரி இருக்கும்.

பாஹா எஸ்.ஏ.இ. போட்டிக்கு முன்னாடி ஒரு வாரம் முழுக்க நாங்க இதைத்தான் செஞ்சோம். நாலு மணி நேர எண்டியூரன்ஸ் ரேஸில், இரண்டாவது மணி நேரத்தில், ஒரு வளைவில் இடது பின் டயர் ரிம்மை விட்டுக் கழண்டது. ஒரு வருஷ உழைப்பு டிராக் ஓரத்தில் நின்னுச்சு. அதனால இந்த வருஷ டீமுக்கும், ஏடிவி பக்கம் வரப்போற ஜூனியர்களுக்கும் இதை எழுதுறேன்.

பைக் டயரில் சுமார் 30 பிஎஸ்ஐ இருக்கும். அதில் 2 குறைஞ்சா தெரியவே தெரியாது. ஏடிவி டயரில் 7-இல் 2 போனா கிட்டத்தட்ட 30 சதவீதம் போச்சு. டயரின் ஓரத்தில் கம்பி வச்ச விளிம்பு இருக்கு இல்லையா, அதுக்குப் பேர் பீட். அதை ரிம்மில் அழுத்திப் பிடிச்சிருப்பதே இந்தக் காத்துதான். பெட்ரோல் பங்க் கேஜ் இங்கே உதவாது. 0-15 பிஎஸ்ஐ அளவுள்ள கேஜ் ஒண்ணு வாங்குங்க.

முதல்ல, அது லீக்தானா?

மதியம் 30 டிகிரி வெயிலில் 7 பிஎஸ்ஐ வச்சு, விடியற்காலை 12 டிகிரியில் அளந்தா எவ்வளவு காட்டும்? கேஜ் காட்டுவதோட வளிமண்டல அழுத்தம் 14.7-ஐக் கூட்டுங்க: 21.7. வெப்பநிலையைக் கெல்வினில் போடுங்க: 303, 285. விடை 20.4. அதில் 14.7-ஐக் கழிச்சா 5.7. ஒரு பொட்டுக் காத்துகூட வெளியே போகாமலே 1.3 பிஎஸ்ஐ காணாம போயிடுச்சு! அதனால ஒரே வெப்பநிலையில், ஒரே கேஜில் அளங்க. நாலு சக்கரத்தையும் அளங்க. நாலும் ஒரே மாதிரி குறைஞ்சிருந்தா குளிர். ஒண்ணு மட்டும் குறைஞ்சிருந்தா லீக்.

தேடும் வரிசை

சேறு முழுக்க கழுவிட்டு, டயர் பக்கச் சுவரில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாம கொஞ்சம் கூடுதலா காத்து அடிங்க. பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணியை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்துக்கோங்க.

முதலில் வால்வு. பஞ்சர் கடை அண்ணன் எச்சில் தொட்டு வச்சுப் பார்ப்பாரே, அதே சோதனைதான். குமிழி வாய்க்குள்ளிருந்து வந்தா பின்னை இறுக்குங்க, இல்லைன்னா மாத்துங்க. வால்வின் அடியில் வந்தா ரப்பர் வெடிச்சிருக்கு, முழு வால்வையும் மாத்தணும்.

அடுத்து டயர் தரையில் படும் பகுதி. கொஞ்சம் கொஞ்சமா உருட்டி ஸ்ப்ரே பண்ணுங்க. கடைசியா ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு, ரெண்டு பக்கமும். இங்கே அவசரப்படாதீங்க. மெதுவான லீக்கில் பெரிய குமிழி வராது. ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு வெள்ளையா மெல்லிசா நுரை கட்டும். எங்க லீக் அங்கேதான் இருந்தது, நாங்கதான் பார்க்கலை.

சரி பண்றது

ஆணி, முள் குத்தியிருந்தா உடனே பிடுங்காதீங்க. சாக்பீஸால் குறிச்சுட்டு, எந்தக் கோணத்தில் போயிருக்குன்னு பார்த்துப் பிடுங்குங்க. ஓட்டையை அரம் மாதிரி இருக்கும் ஊசியால் சுத்தம் பண்ணி, சொல்யூஷன் தடவின டியூப்லெஸ் ஸ்ட்ரிப்பை அதே கோணத்தில் சொருகி, ஊசியைச் சட்டுனு இழுங்க. நீட்டிக்கிட்டு இருப்பதை வெட்டுங்க. பக்கச் சுவரில் ஓட்டைன்னா ஸ்ட்ரிப் போட்டு ரேஸுக்குப் போகாதீங்க. அந்த இடம் ஓயாம மடங்கி விரியும், ஸ்ட்ரிப் நிக்காது. டயரை மாத்திடுங்க.

பீட்டில் லீக்னா காத்தை முழுசா இறக்கி, பீட்டை ரிம்மிலிருந்து பிரிங்க. ரிம்மின் விளிம்பில் துரு, காய்ஞ்ச சேறு, உரிஞ்ச பெயின்ட் எதுவா இருந்தாலும் எமரி ஷீட்டால் வழவழப்பாகும் வரை தேய்ங்க. ரிம் நெளிஞ்சிருக்கான்னும் பாருங்க. பிறகு சோப்புத் தண்ணி தடவி, வால்வு பின்னைக் கழட்டிட்டுக் காத்து விடுங்க. வேகமா உள்ளே போகும். பீட் உட்காரலைன்னா டயரைச் சுத்தி ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்க, ஓரங்கள் ரிம்மை நோக்கி விரியும். உட்கார ஆரம்பிச்சதும் பெல்ட்டைத் தளர்த்துங்க. விரலை விளிம்புகிட்ட வைக்காதீங்க. டயரில் போட்டிருக்கும் அளவுக்கு மேல காத்து ஏத்தாதீங்க. பெட்ரோல் ஊத்திப் பத்தவச்சு டயர் மாட்டும் வீடியோக்களை ஒர்க்‌ஷாப்பில் முயற்சி பண்ணவே வேண்டாம்.

முடிஞ்சதும் மறுபடியும் சோப்புத் தண்ணி. ஒரு ராத்திரி விட்டு, அதே வெப்பநிலையில் அளங்க.

எங்க டயர் ஏன் கழண்டதுன்னு சொல்லவே இல்லையே. போட்டிக்குப் போகும் அவசரத்தில் ரிம்முக்கு அழகா கறுப்பு பெயின்ட் அடிச்சோம். பீட் உட்காரும் இடத்தையும் மறைக்காம சேர்த்து அடிச்சுட்டோம். அது உரிய உரிய காத்து போச்சு. தினமும் காத்து பிடிச்சோமே தவிர, எந்தச் சக்கரம், எத்தனை மணிக்கு, எவ்வளவு குறைஞ்சதுன்னு யாருமே எழுதி வைக்கலை. எழுதியிருந்தா மூணாவது நாளே அந்த ஒரு சக்கரம் மாட்டியிருக்கும்.

இப்போ ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸர் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குது. காத்து பிடிக்கும் முன்னாடி அதில் ஒரு வரி எழுதிடுங்க.