‘மக்கள் இயல்பு நிலைக்குத் திரும்பினர்’: நாகப்பட்டினத்தில் நான் திருத்திக்கொண்ட ஒரு வரி



2018 நவம்பரில், பள்ளி ஆண்டு முடியும் நேரம். படிவம் 4 வகுப்பில் ‘கஜா’ புயல் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், கஜான்னா யானைதானே? நம்ம அலோர் காஜா மாதிரி?” வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது சரிதான். இலங்கை வைத்த பெயர் அது. மலாய்மொழியின் ‘காஜா’வும் இந்தக் ‘கஜா’வும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை.

அதே வாரம் இயற்கைப் பேரிடர் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் ஒரே மாதிரி முடித்திருந்தார்கள்: “சில நாள்களில் புயல் ஓய்ந்தது. மக்கள் இயல்பு நிலைக்குத் திரும்பினர்.” பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அந்த வரியை எழுதிப் போட்டது நான்தான்.

ஓராண்டு கழித்து, 2019 டிசம்பர் விடுமுறையில், அம்மாவுடன் நாகப்பட்டினம் போனேன். தாத்தா கப்பலேறிய துறைமுகத்தைச் சாவதற்குள் ஒருமுறை பார்க்கணும் என்பது அம்மாவின் ஆசை. நமக்கும் அந்த ஊருக்கும் உறவு பழையது. மலாக்காவை 1641-இல் பிடித்த டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை 1658-இல் பிடித்தார்கள். பிற்காலத்தில் ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வந்து சிங்கப்பூர் போகும். ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் “நாகப்பட்டினத்துல ஏறினோம்” என்று சொல்லும் பாட்டிகளைப் பார்க்கலாம்.

திருச்சியில் விமானம் இறங்கி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாகப் பேருந்தில் போனோம். அங்கே கண்டதைச் சொல்வதற்கு முன், மாணவர்கள் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன்.

நமக்கு ஏன் புயல் வருவதில்லை?

புயல் உருவாக வெதுவெதுப்பான கடல் வேண்டும், ஏறக்குறைய 26.5 பாகை செல்சியஸுக்கு மேல். அது நம்மிடமும் இருக்கிறது. ஆனால், காற்று சுழலத் தொடங்க வேண்டுமே! அந்தச் சுழற்சியைத் தருவது பூமி தன்னைத் தானே சுற்றுவதால் உண்டாகும் விசை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அது மிகவும் குறைவு. மலாக்கா ஏறத்தாழ 2 பாகை வடக்கில் இருக்கிறது. நாகப்பட்டினம் 10 பாகைக்கும் மேல். போதாக்குறைக்கு நமக்கு மேற்கே சுமாத்திரா தீவு மதில்போல் நிற்கிறது. விதிவிலக்கும் உண்டு: 2001 டிசம்பர் 27-இல் ‘வாமெய்’ புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அது அரிதினும் அரிது.

நாகப்பட்டினத்துக்கோ ஐப்பசி, கார்த்திகை வந்தாலே கவலைதான். 1952, 1977 நவம்பர் மாதங்களில் பெரும்புயல்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதிலிருந்து எழுந்து நின்ற ஊரைத்தான் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா தாக்கியது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் தங்கினார்கள்.

ஒரு புயல், பல கணக்கு

நாங்கள் போனபோது துறைமுகத்தில் படகுகள் வரிசையாக நின்றன. மீன் ஏலக் கூச்சல் காதைப் பிளந்தது. சாலையோரம் புது மின்கம்பங்கள். “ஊரு நல்லாத்தானே இருக்கு” என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் வேதாரண்யம் பக்கம் போனதும் எண்ணம் மாறியது. தோப்பு என்று சொன்ன இடத்தில் தோப்பு இல்லை. அடிமரக் கட்டைகள், நடுநடுவே இடுப்பளவுகூட வளராத தென்னம்பிள்ளைகள். அங்கே நின்ற ஓர் அம்மா, நாங்கள் மலேசியா என்றதும் வீட்டுக்குள் அழைத்து மோர் கொடுத்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: “கன்னு வச்சிருக்கோம்மா. இது காய்க்கிறப்ப என் பொண்ணுக்குக் கல்யாண வயசு வந்துரும்.” அந்தப் பெண் அப்போது ஆறாம் வகுப்பு.

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. மின்கம்பத்தை நட வாரங்கள் போதும். படகைச் சரிசெய்யச் சில மாதம். சேறு புகுந்த உப்பளத்தைச் சீர்செய்து அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும். நெல் போனால் அடுத்த போகம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு. நிறைந்த காய்ப்புக்கு அதற்கும் மேல். ஒரே இரவில் அடித்த காற்று ஒவ்வொரு வீட்டுக்கும் வெவ்வேறு நீளமுள்ள காலத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும் அதை அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. போதுமா என்பது வேறு பேச்சு. அது மரத்துக்கு உடையவருக்குக் கிடைக்கும். அந்த மரத்தில் ஏறிக் காய் பறித்தவருக்கு? கீற்று முடைந்தவருக்கு? நார் உரித்தவருக்கு? அவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லை. ஆகவே இழப்புப் பட்டியலிலும் இடமில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, திரும்பும் வழியில் மெதுவாகச் சொன்னார்: “நம்ம தோட்டத்த வித்தப்பவும் இதே கததான்.” பால்மரம் வெட்டின தாத்தா பாட்டிக்கு ஒரு மரமும் சொந்தமில்லை. தோட்டம் கைமாறியதும் லயத்தைக் காலி செய்து டவுனுக்கு வந்தார்கள். அதற்கு யாரும் புயல் என்று பெயர் வைக்கவில்லை.

வகுப்பறைக்கு

இந்தப் பயணத்துக்குப் பிறகு பேரிடர்ப் பாடத்தை நான் நடத்தும் முறை மாறிவிட்டது. பயன்படும் என்று நினைப்பவற்றைத் தருகிறேன்.

1. சொற்களைப் பொருளோடு கொடுங்கள். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வலுத்தால் தாழ்வு மண்டலம். அதுவும் வலுத்தால் புயல். ‘கரையைக் கடந்தது’ என்றால் புயல் கடலிலிருந்து நிலத்துக்குள் நுழைந்தது என்று பொருள். பல மாணவர்கள் ‘போய்விட்டது’ என்று நினைக்கிறார்கள்! துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

2. மரபுச் சொல்லை இங்கே இணையுங்கள். மாங்கன்று, நெல் நாற்று என்கிறோம். தென்னைக்கு மட்டும் ‘பிள்ளை’ என்கிறோம். ஏன் என்று கேளுங்கள். மனப்பாடம் செய்யாமலே நினைவில் நிற்கும்.

3. காலக்கோடு வரையச் சொல்லுங்கள். மீனவர், உப்பளத் தொழிலாளி, தோப்புக்காரர், மரமேறி ஆகிய நால்வரும் ஓராண்டு, மூன்றாண்டு, ஏழாண்டு கழித்து எப்படி இருப்பார்கள்? நம் பக்கத்து வெள்ளத்தை வைத்தும் இதைச் செய்யலாம்.

4. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் பேசி வரச் சொல்லுங்கள்: “நீங்கள் எதை இழந்தீர்கள்? மீள எத்தனை வருஷம் ஆச்சு?”

கடைசியாக ஒன்று. ‘மக்கள் இயல்பு நிலைக்குத் திரும்பினர்’ என்ற வரியை நான் தடைசெய்யவில்லை. எழுதினால் பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று கேள்விகள் போடுகிறேன்: யார்? எப்போது? எப்படி? மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. விடை எழுதிவரச் சொல்கிறேன். சென்ற முறை ஒரு மாணவி அரைப் பக்கம் எழுதி வந்தாள், தன் பாட்டியைப் பற்றி.