பழகிய பட்டறை மூடப்படும்போது

நம் குடியிருப்புப் பகுதியில் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் பட்டறை பல ஆண்டுகளாக இயங்கி வந்திருக்கலாம். அதன் உரிமையாளருக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளை நன்றாகத் தெரியும். தூரத்தில் வரும்போதே ஓசையைக் கேட்டு, "சங்கிலி தளர்ந்துவிட்டது போலிருக்கிறதே!" என்பார். கையில் பணம் குறைவாக இருந்தால், "சம்பளம் வந்ததும் கொடுங்கள்" என்று அனுப்பி வைப்பார். திடீரென ஒரு நாள் அந்தப் பட்டறையின் இரும்புக் கதவு திறக்கப்படுவதில்லை. முதுமை, உயர்ந்துவிட்ட கடை வாடகை, தொழிலைத் தொடர ஆளில்லாமை எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதுவரை அவரை நம்பியிருந்தவர்கள் இனி யாரிடம் செல்வது என்று தெரியாமல் நிற்பார்கள்.

மலேசியாவில் இஃது ஒரு சிறிய சிக்கலன்று. நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் ஏறக்குறையப் பாதி மோட்டார் சைக்கிள்களே. 'கப்சாய்' என்று நாம் அழைக்கும் சிறிய வண்டியில்தான் பலர் விடியற்காலையில் தொழிற்சாலைக்கும் தோட்டத்திற்கும் செல்கின்றனர். அந்த வண்டி நின்றுபோனால் அன்றைய வருமானமும் நின்றுபோகும். அதைவிடக் கவலைக்குரியது மற்றொன்று. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் பயணம் செய்தவர்கள். எனவே, நல்ல பழுதுபார்ப்பவரைத் தேடுவது பணத்தை மட்டுமன்றி உயிரையும் சார்ந்தது.

பட்டறை மூடப்படும்போது நாம் இழப்பது ஒரு கடையை மட்டுமன்று. நம் வண்டியைப் பற்றிய நினைவையும் இழக்கிறோம். எந்த உதிரிபாகம் எப்போது மாற்றப்பட்டது, எது அடிக்கடி பழுதாகும் என்பனவெல்லாம் பழைய பட்டறைக்காரரின் மனத்தில் இருந்தன. புதியவருக்கு அவை தெரியா. ஆதலால், அந்த நினைவை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். பராமரிப்புச் செய்த நாள், வண்டி அதுவரை ஓடிய கிலோமீட்டர், செய்யப்பட்ட வேலை, மாற்றப்பட்ட பாகம், செலுத்திய தொகை ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு முறையும் குறித்துவைக்க வேண்டும். இக்குறிப்பேடு எந்தப் பட்டறைக்குச் சென்றாலும் பயன்படும்.

அடுத்ததாக, வண்டியைப் பற்றிய அடிப்படை அறிவு தேவை. நாமே பழுதுபார்க்க வேண்டியதில்லை. ஆயினும், பழுதுபார்ப்பவர் கூறுவதைப் புரிந்துகொள்ளும் அளவிற்காவது தெரிந்திருக்க வேண்டும். இயந்திர எண்ணெயை எடுத்துக்கொள்வோம். கப்சாய் வகை வண்டிகளில் ஒரே எண்ணெய்தான் இயந்திரம், கிளட்ச், கியர் ஆகிய மூன்றிலும் உராய்வைக் குறைத்து அவற்றைக் காக்கிறது. கார்களுக்கென்று தயாரிக்கப்படும் சில எண்ணெய்களில் உராய்வைப் பெரிதும் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். எனவேதான், இவ்வகை வண்டிகளுக்குரிய எண்ணெய்ப் புட்டியில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற தரக்குறியீடு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டும் என்பது வண்டியுடன் வரும் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும்.

பிரேக்கும் அவ்வாறே. பழைய கப்சாய் வண்டிகள் பலவற்றில் டிரம் பிரேக் பொருத்தப்பட்டிருக்கும். அதன் உள்ளே இருக்கும் தேய்மானப் பட்டைகள் தேயத் தேய, பிரேக்கின் பிடி தளர்கிறது. வெளியிலுள்ள திருகை முறுக்கினால் பிடி மீண்டும் இறுகும். ஆனால், பட்டை முழுவதும் தேய்ந்த பிறகு திருகை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. பல வண்டிகளில் இதைக் காட்டுவதற்கென்றே சக்கரத்தின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி உள்ளது. பிரேக்கை முழுமையாக அழுத்தும்போது அந்த அம்புக்குறி அடையாளக் கோட்டைத் தொட்டால், பட்டைகளை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறையும் திருகை மட்டும் முறுக்கி அனுப்புபவர் குறைவான பணமே கேட்கலாம்; எனினும், அவர் நமக்கு நன்மை செய்யவில்லை.

சில வேளைகளில், கூடுதல் பணம் கேட்பவரே நேர்மையானவராக இருப்பார். சங்கிலி தேய்ந்துவிட்டது என்று நாம் செல்கிறோம். அவரோ, சங்கிலியோடு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டும் என்கிறார். ஏமாற்றுகிறார் என்றே நமக்குத் தோன்றும். உண்மையில், பழைய பல்சக்கரங்களின் பற்கள் கொக்கிபோல் வளைந்து தேய்ந்திருந்தால், அவற்றின்மீது ஓடும் புதிய சங்கிலியும் விரைவில் கெட்டுவிடும். இதை அறிந்தவர், "பற்களைக் காட்டுங்கள்" என்று கேட்டு, கண்ணால் பார்த்து முடிவெடுப்பார். அறியாதவரோ நல்லவரைச் சந்தேகிப்பார். அல்லது, தீயவரை நம்பிவிடுவார்.

இனி, புதிய பட்டறையை எப்படித் தேடுவது? முதலில், தொழிலை நிறுத்திய பழைய பட்டறைக்காரரையே கேட்கலாம். தம் சொந்த வண்டியை இனி அவர் யாரிடம் கொண்டு செல்வார் என்பது பயனுள்ள கேள்வி. அவரிடம் வேலை கற்றவர் வேறெங்கேனும் பட்டறை வைத்திருக்கவும் கூடும். அடுத்து, நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டும் உணவு விநியோகிப்பாளர்களையும் அஞ்சல்காரர்களையும் விசாரிக்கலாம். வண்டி ஒரு நாள் நின்றாலும் வேலை கெடும் என்பதால், அவர்கள் நல்ல பட்டறைகளை அறிந்து வைத்திருப்பார்கள். புதிய வண்டியாக இருந்து, உத்தரவாதக் காலம் முடியாமலிருந்தால், தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்திற்குச் செல்வதே சிறந்தது.

ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுத்த பிறகும், முதல் நாளே இயந்திரத்தைப் பிரிக்கும் பெரிய வேலையை ஒப்படைக்கக் கூடாது. எண்ணெய் மாற்றுவது, சங்கிலியைச் சரிசெய்வது போன்ற சிறிய வேலையைக் கொடுத்து அருகிலிருந்து கவனிக்க வேண்டும். நாம் சொல்வதை அவர் முழுமையாகக் கேட்கிறாரா? வேலையைத் தொடங்கும் முன்பே செலவைக் கூறுகிறாரா? கழற்றிய பழைய பாகத்தைக் காட்டுகிறாரா? வேலை முடிந்ததும் தாமே வண்டியை ஓட்டிப் பார்க்கிறாரா? கேட்காமலேயே ரசீது தருகிறாரா? இவற்றுக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தால், அடுத்த வேலையையும் அவரிடம் கொடுக்கலாம். மாறாக, கேள்வி கேட்டால் எரிந்து விழுபவரிடமும், வண்டியைப் பார்க்காமலேயே பழுதைச் சொல்பவரிடமும், புகைக்குழாயைச் சட்டத்திற்குப் புறம்பாக மாற்றியமைக்கத் தூண்டுபவரிடமும் விலகியிருப்பதே நல்லது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரங்களில் ஏமாற்றம் ஏற்படலாம். அப்போது வாய்ச்சண்டை பயன் தராது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் தக்க கவனத்துடனும் திறனுடனும் வேலை செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாதவரிடம் முதலில் ரசீதைக் காட்டிப் பணிவாக முறையிடலாம். தீர்வு கிடைக்காவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கு வழக்கைப் பதிவு செய்ய 5 ரிங்கிட் கட்டணம் போதும். வழக்கறிஞரை அமர்த்த வேண்டியதில்லை. ஆனால், ரசீது இல்லாதவரின் வாதம் வலுவிழந்துவிடும். அதனால்தான் ரசீதையும் குறிப்பேட்டையும் பாதுகாப்பது இன்றியமையாததாகிறது.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. ஒருவரை ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவர்மீது ஐயங்கொள்வதும் நீங்காத துன்பம் தரும் என்று வள்ளுவர் அதில் அறிவுறுத்துகிறார். அரசன் பணியாளரைத் தேர்ந்தெடுப்பதற்குக் கூறப்பட்ட இவ்வறிவுரை, பட்டறையைத் தேர்ந்தெடுப்பதற்கும் பொருந்துகிறது. முதலில் ஆராய வேண்டும். தகுதியானவர் என்று தெளிந்தபின், உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, அவரையே தொடர்ந்து நாட வேண்டும். நல்ல பழுதுபார்ப்பவருக்கும் நம்பிக்கையான வாடிக்கையாளர் தேவை. வாடிக்கையாளர்கள் சில ரிங்கிட் மிச்சப்படுத்துவதற்காகக் கடைகடையாக மாறிக்கொண்டிருந்தால், அந்தப் பட்டறையும் ஒரு நாள் மூடப்படும்.

பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம் என்பதால், மாணவர்களில் பலர் விரைவில் சொந்தமாக வண்டி ஓட்டக்கூடும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே வீட்டிலுள்ள வண்டியின் அருகில் அமர்ந்து, அம்புக்குறி எங்கே இருக்கிறது, சங்கிலி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பெரியவர்களின் துணையோடு பார்க்கலாம். பார்த்ததைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதலாம். நாளை விடியற்காலையில் அந்த வண்டியில் புறப்படப்போவது அப்பாவோ அம்மாவோ அண்ணனோ அல்லவா?