ஓடும்போது சிங்கம், நிறுத்தினால் அணைந்துவிடும்

புக்கிட் மெர்தாஜாமில் கடல் இல்லை. ஆனால் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கோலா ஜூரு வந்துவிடும். தெற்கே இறங்கினால் புக்கிட் தம்புன், பத்து காவான். வலைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்களும் படகு இறக்கும் கரைகள் இவை. இங்கே வேகத்தைவிட நிதானம்தான் அதிகம் தேவைப்படும். சேறு, நட்ட கம்பு, பக்கத்துப் படகின் கயிறு எல்லாவற்றையும் தாண்டித்தான் ஜெட்டிக்கு வர வேண்டும். சரியாக அந்த நேரத்தில் என்ஜின் அணைந்தால்?

“வேகமா நல்லாத்தானே ஓடுது, அப்புறம் கார்புரேட்டர்ல என்ன கோளாறு இருக்கப்போகுது?” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் பிளக்கை மாற்றுவோம். அதிலும் தீராவிட்டால் ஐடில் ஸ்குரூவை, அதாவது மெதுவான ஓட்டத்துக்கான திருகை, முறுக்கி வேகத்தைக் கூட்டுவோம். இந்த நியாயம் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டரின் வேலை. பெட்ரோல் வருவதற்கு அதில் ஒரே வழிதான் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் இரண்டு உண்டு. திராட்டிலைத் திறந்தால் காற்று வேகமாகப் பாய்ந்து, மெயின் ஜெட் என்ற பெரிய துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கும். திராட்டிலை மூடினால் அந்த இழுப்பு அடங்கிவிடும். அப்போது என்ஜின் பிழைத்திருப்பது ஸ்லோ ஜெட் தரும் துளிகளால். அது ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. நடுவில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை.

தேநீர்க் கடையில் பால் டின்னைப் பார்த்திருப்போம். பால் ஊற்ற ஒரு பெரிய ஓட்டை, எதிரே காற்றுக்கு ஒரு சின்ன ஓட்டை. ராத்திரி அப்படியே வைத்துவிட்டால் காலையில் சின்ன ஓட்டைதான் முதலில் காய்ந்து அடைத்திருக்கும். சில வாரம் சும்மா நின்ற என்ஜினிலும் இதேதான் நடக்கிறது. பெட்ரோல் ஆவியாகிவிடும், பிசினும், டூ ஸ்ட்ரோக் என்றால் அதில் கலந்த எண்ணெயும் தங்கிவிடும். ஸ்லோ ஜெட் அடைபடும், மெயின் ஜெட் தப்பித்துக்கொள்ளும். ஆகவே வேகமாக ஓடுவது மெயின் ஜெட்டுக்கு மட்டும்தான் சாட்சி.

ஐடில் ஸ்குரூவை முறுக்கினால் திராட்டில் கொஞ்சம் திறந்தே நிற்கும், என்ஜினும் அணையாது. ஆனால் பெரும்பாலான என்ஜின்கள் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குள் ஐடில் ஆக வேண்டியவை. அதற்கு மேல் போய்க் கியர் போட்டால் ‘தடக்’ என்று விழும். அந்த ஒவ்வொரு தடக்கிலும் கியர் பற்கள் தேய்கின்றன. ஜெட் அடைப்பைவிடச் செலவு அதிகமான கோளாறு அது.

ஸ்பானரை எடுக்கும் முன் பெட்ரோல் டேங்க் மூடியிலிருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பார்ப்போம். அது மூடிக்கிடந்ததால் வீணாகக் கழற்றப்பட்ட கார்புரேட்டர்கள் கணக்கில்லை. பிறகு தண்ணீர் நிறைந்த தொட்டியில் என்ஜினின் அடிப்பாகத்தை இறக்கி ஓட்டுவோம். காய்ந்த நிலையில் ஓட்டவே கூடாது, தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இறக்கை சீக்கிரமே கருகிவிடும். அணையப் போகும் நேரத்தில் சோக்கை லேசாக இழுப்போம். என்ஜின் சுதாரித்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பந்தை அமுக்கியதும் சுதாரித்தால், பெட்ரோல் பம்ப்பையும் குழாயையும் முதலில் சந்தேகிக்கலாம்.

கார்புரேட்டரைக் கழற்றுவது என்று முடிவானால் பக்கத்தில் சிகரெட் வேண்டாம். கலவைத் திருகை முதலில் முழுவதும் உள்ளே முறுக்கி, எத்தனை சுற்று போனது என்று எழுதி வைத்துக்கொள்வோம். திரும்ப மாட்டும்போது அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டி. ஜெட்டைக் கம்பியால் குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் கலவையே மாறிவிடும். கார்புரேட்டர் ஸ்பிரே அடித்து, காற்றால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அடம்பிடித்தால், கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட்டைப் பார்ப்போம். அது கிழிந்திருந்தால் வேண்டாத காற்று உள்ளே போகும். அதுவும் சரியாக இருந்தால், இரண்டு சிலிண்டர் என்ஜினில் ஒன்று மட்டும் மெதுவான ஓட்டத்தில் வேலை செய்யாமல் இருக்கலாம். பிளக்கைப் பற்றிய சந்தேகத்துக்கு இப்போதுதான் முறை வருகிறது.